விடிய விடிய எரிந்த விளக்கு: கடலூர் மாணவன் ஒருவனின் இருமுனை மனநிலை, ஒரு நிகழ்வு ஆய்வு

"'மூணு மணி நேரம் தூங்குனா போதும்மா, உடம்பெல்லாம் கரண்ட் ஓடுது'ன்னு சொன்னான். எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு மேடம். பிளஸ் டூ ஆச்சே."

மனநலப் பிரிவுக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து அந்த அம்மா என்னிடம் சொன்ன முதல் செய்தி இது. உள்ளே அவருடைய மகன் ஊசியின் தயவில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒன்பது நாளில் அவன் முழுதாகத் தூங்கிய முதல் இரவு அது.

நான் கடலூரில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். மருந்தை டாக்டர் எழுதுவார். அந்த மருந்தோடு வீட்டையும் பள்ளியையும் சேர்த்து நடக்கவைப்பது என் வேலை. இந்த ஒரு குடும்பத்தோடு சுமார் ஒன்றரை வருடம் நடந்ததை இங்கே எழுதுகிறேன். அவனும் பெற்றோரும் சம்மதித்திருக்கிறார்கள். யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுத ஒரே ஒரு காரணம்தான். இருமுனைக் கோளாறு என்பது மனம் சில காலம் அளவுக்கு மீறி எழும்பியும் சில காலம் ஒடுங்கியும் மாறும் நோய். இந்த நோயின் முதல் அறிகுறியை நம் வீடுகளில் நாம் பாராட்டிவிடுகிறோம்.

வீட்டு நிலவரம்

அப்பா கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். அக்கா புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனால் திரும்பி வர இருட்டிவிடும். அம்மாவைப் பெற்ற ஆயாவும் கூடவே இருக்கிறார். இரண்டு அறை, ஒரு வராண்டா. பையனுக்கு 17 வயது. பத்தாம் வகுப்பில் பள்ளியில் இரண்டாமிடம். தான் கிரீஸ் கையோடு இறங்கும் இன்ஜின் ரூமில் மகன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கப்பல் இன்ஜினியராக நிற்க வேண்டும் என்பது அப்பாவின் கனவு. ஓவர்ஹால் வேலைக்கு இரவு போகும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே டூல்ஸ் பையை எடுப்பாராம்.

ஜூலை முதல் மார்ச் வரை

பிளஸ் டூ தொடங்கி இரண்டாவது மாதத்தில் பையன் ஒடுங்க ஆரம்பித்தான். சாயங்காலம் சில்வர் பீச்சில் ஃபுட்பால் ஆடப் போவது நின்றது. பள்ளி விட்டு வந்ததும் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொள்வான். பன்னிரண்டு மணி நேரம் தூங்கினாலும் எழுந்திருக்கும்போது முகம் களைத்தே இருக்கும். மீன்குழம்பு என்றால் உயிரை விடுகிறவன் தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். காலாண்டுத் தேர்வில் இயற்பியல் போனது. அப்பா "சோம்பேறி" என்றார். வகுப்பாசிரியர் தனியாகக் கூப்பிட்டு "யாரையாச்சும் லவ் பண்றியாடா?" என்று கேட்டார். போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார்கள். இப்படிப்பட்ட ஒடுக்கம் இரண்டு வாரத்தைத் தாண்டினாலே மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். இங்கே நான்கு மாதம் ஓடிவிட்டது.

நவம்பரில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதப்பட்டது. மனச்சோர்வு என்று கண்டுகொண்டது சரிதான். ஆனால் இதற்கு முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம் இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இல்லையென்றுதான் பதில் வந்திருக்கும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இருமுனைத் தன்மை உள்ளே பதுங்கியிருக்கும் ஒருவருக்கு, மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தின் துணையில்லாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அது மனத்தை மறுபக்கம் தூக்கி எறிந்துவிடும். இவனுக்கு மாத்திரைதான் அப்படிச் செய்ததா, இல்லை மாத்திரை இல்லாவிட்டாலும் நோய் அந்தப் பக்கம் திரும்பியிருக்குமா என்பதை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பெற்றோர் தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள அதில் எதுவும் இல்லை என்று பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

டிசம்பர் கடைசியில் பையன் தேறிவிட்டான் என்று எல்லோரும் நம்பினார்கள். ஜனவரியில் விடிய விடிய படித்தான். "உங்க வீட்டு லைட் ரெண்டு மணிக்கும் எரியுது, புள்ள கலெக்டராயிடுவான்" என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். அம்மா ஒரு மணிக்கு எழுந்து பால் காய்ச்சிக் கொடுத்தார். அப்பா பூரித்துப்போய்ப் புதுப் போன் வாங்கித் தந்தார்.

அந்த நாட்களின் சாட்சியாக ஒரு இயற்பியல் நோட்டை அக்கா பின்னால் என்னிடம் கொண்டுவந்தாள். முதல் பக்கங்களில் கையெழுத்து பொடிப்பொடியாக, கோட்டுக்கு மேல் வரிசை பிசகாமல் இருக்கிறது. பாதி நோட்டைத் தாண்டினால் எழுத்து பெருக்கத் தொடங்குகிறது. மார்ஜினுக்கு வெளியே வழிகிறது. நீல மைக்கு மேல் சிவப்பு, சிவப்புக்கு மேல் பச்சை. ஒவ்வொரு சொல்லின் கீழும் இரண்டு கோடு, மூன்று கோடு. மின்னோட்டவியல் பாடத்தின் நடுவில் கடல் தண்ணீரில் ஓடும் இன்ஜினின் படம். அடுத்த பக்கத்தில் பிரதமருக்கு ஒரு கடிதம். கடைசிப் பக்கங்களில் பேனா அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்திருக்கிறது. தேதி வாரியாகப் புரட்டினால் நோய் ஏறிய ஏற்றம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அந்த நோட்டை வாரா வாரம் திருத்திய ஆசிரியர் ஒரு பக்கத்தில் "நல்ல முயற்சி" என்று எழுதியிருந்தார். அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிப்ரவரியில் வேகம் கூடியது. அப்பாவின் ஜிபேயிலிருந்து முன்பின் தெரியாதவர்களுக்கு 38,000 ரூபாய் அனுப்பிவிட்டான். அவ்வளவும் தானமாம். கேட்டால் கோபம் பொங்கியது. ஒருநாள் அப்பாவைப் பிடித்துத் தள்ளிவிட்டான். இதுவரை அப்பா முன்னால் உட்காரக்கூடத் தயங்கியவன். காற்று கருப்பு பட்டிருக்கும் என்றார் ஆயா. அமாவாசைக்கு ஓர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், ராத்திரி முழுக்க உடுக்கைச் சத்தத்துக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். கோயிலுக்குப் போவதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. அந்த அம்மாவுக்குத் தெம்பு தந்த இடம் அது. ஆனால் தூக்கம் கெட்டால் ஏறும் நோய் இது. அந்த ஒரு இரவின் விழிப்பு அவனை இன்னும் இரண்டு படி மேலே ஏற்றிவிட்டது. பகலில் போய்க் கும்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பியிருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து மாசி மகம். தீர்த்தவாரிக்காகச் சுற்று வட்டாரத்து சாமிகளெல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும் நாள். முந்தின இரவே போனவன் வீடு திரும்பவில்லை. மறுநாள் பின்னிரவில், இடுப்பளவு தண்ணீரில் நின்று கடலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவனை வலை இறக்க வந்த மீனவர்கள் கரைக்கு இழுத்து வந்தார்கள். அப்பா துண்டால் அவன் கையைக் கட்டி, ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் பிடித்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

முதல் சந்திப்பு

மறுநாள் மதியம் கண் விழித்ததும் அவனிடம் பேசினேன். பேசினேன் என்பதைவிட அவன் பேசியதைக் கேட்டேன் என்பது சரி. ஊரைக் கேட்டேன்.

"கடலூர் மேடம். கடல் இருக்கு ஊர் இருக்கு, ஊர் இருந்தா தேர் இருக்கு, தேருக்கு வடம் இருக்கு, வடம் புடிக்க இடம் இருக்கு, இடம் குடுத்தா இன்ஜின் வைப்பேன், என் இன்ஜினுக்கு டீசல் வேணாம், அப்பாகிட்ட சொல்லுங்க, கை கருப்பாவாது..."

ஓசை ஓசையை இழுத்துக்கொண்டு முன்னே போக, பொருள் பின்னாலேயே ஓடிவந்தது. எண்ணங்கள் பறக்கும்போது பேச்சு இப்படித்தான் எதுகை மோனை பிடித்துக்கொள்ளும். "கை கருப்பாவாது" என்ற இடத்தில் மட்டும் தொண்டை அடைத்துக் கண் கலங்கியது. அடுத்த நொடி சிரிப்பு. நாள், கிழமை, இடம் எல்லாம் சரியாகச் சொன்னான். காதில் குரல் எதுவும் கேட்கவில்லை. உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு தன்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதில் மட்டும் அவனுக்கு அசைக்க முடியாத உறுதி. உனக்கு உடம்பு சரியில்லை என்று தோன்றுகிறதா என்றால், "எனக்கு ஒண்ணுமில்ல மேடம், நீங்கள்லாம்தான் மெதுவா இருக்கீங்க."

கஞ்சாவாக இருக்குமோ என்பது அப்பாவின் பயம். சிறுநீர்ப் பரிசோதனையில் அப்படி எதுவும் இல்லை. தைராய்டு சரியாக இருந்தது. தலையில் அடிபடவில்லை, காய்ச்சலோ வலிப்போ வந்ததில்லை. மனநல மருத்துவர் இருமுனைக் கோளாறு, முதல் வகை என்று முடிவுசெய்தார். பைபோலார் என்று சொன்னால் இப்போது பலருக்கும் புரிகிறது.

18 வயது நிறையாதவர்களை உள்நோயாளியாகச் சேர்க்க 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் தனி முறை இருக்கிறது. பெரியவர்களோடு சேர்த்துப் படுக்கவைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும். அம்மாதான் பதினெட்டு நாளும் இருந்தார். சங்கிலியால் பிணைப்பதை அதே சட்டம் அடியோடு தடைசெய்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில், கட்டிப்போடப்பட்ட நிலையிலேயே 28 பேர் தீயில் கருகியதை மறந்தவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. துண்டால் கட்டியதற்காக அந்த அப்பா என் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். கடலுக்குள் போய்விடக் கூடாதே என்ற பயத்தில் செய்தது அது. அவருக்கு நான் கண்டிப்பு எதுவும் சொல்லவில்லை. இனி இப்படி ஒரு நிலை வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வளரிளம் பருவமா, நோயா?

எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி இது. இந்த வயதில் எந்தப் பிள்ளைதான் எரிந்து விழவில்லை, எந்தப் பிள்ளைதான் ராத்திரி கண் விழிக்கவில்லை?

நான் தூக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். தூக்கம் வராமல் புரண்டு தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் போவது வேறு. போனை நோண்டி இரண்டு மணிக்குப் படுக்கிற பிள்ளை மறுநாள் வகுப்பில் தூங்கி வழியும், ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுது வரை எழுந்திருக்காது. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, நாலாவது நாளும் அஞ்சாவது நாளும் அதே துடிப்போடு திரியும் பிள்ளையை அன்றைக்கே கவனிக்க வேண்டும். கூடவே பேச்சின் வேகம், செலவு, கோபம், தன்னைப் பற்றிய பெருமை எல்லாம் சேர்ந்து அவனுடைய இயல்பிலிருந்து விலகியிருக்க வேண்டும். இந்த எழுச்சி ஒரு வாரம் நீடித்தாலோ, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனாலோ அதை மேனியா என்கிறார்கள். நான்கு நாளாவது நீடித்து, படிப்பையும் வீட்டையும் குலைக்காத அளவில் நின்றால் இளமேனியா. மேனியா வந்தால் முதல் வகை, இளமேனியாவும் ஆழ்ந்த மனச்சோர்வும் மாறி மாறி வந்தால் இரண்டாம் வகை. சின்ன வயதுக்காரர்களிடம் சிரிப்பும் அழுகையும் ஒரே நாளில் கலந்து வருவது அதிகம். அதனாலேயே பல பேருக்கு வருஷக்கணக்கில் வேறு பெயரில் வைத்தியம் நடக்கிறது. 2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் சிகிச்சையிலேயே இல்லை என்று அந்த ஆய்வு காட்டியது.

ஆயா மறைத்து வைத்திருந்தது

வார்டில் சேர்த்த நாலாம் நாள் ஆயா சாப்பாடு கொண்டுவந்தார். பேரன் கட்டிலில் உட்கார்ந்து பாடுவதை வாசலில் நின்று பார்த்தவர், தூக்குவாளியோடு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். "எங்க பெரியவன் மாதிரியே பாடுறான்" என்றார். பெரியவன் என்றால் அவருடைய மூத்த மகன், பையனின் தாய்மாமன். 22 வயதில் இதே மாதிரி ராத்திரி பகலாகத் திரிந்தாராம். அப்புறம் ஒரேயடியாக முடங்கினாராம். 26 வயதில் இறந்துபோனார். "ஆத்துல விழுந்துட்டான்" என்பதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. கட்டிக்கொடுத்த வீட்டில் தெரியக் கூடாதென்று அம்மா தன் கணவரிடமே இருபது வருஷம் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

இரத்த சொந்தத்தில் ஒருவருக்கு இருந்தால் இந்த நோய்க்கான வாய்ப்பு கூடும். வந்தே தீரும் என்ற கட்டாயம் கிடையாது. இதை அக்காவுக்கு அழுத்திச் சொன்னேன். தனக்கும் வருமா என்பதைவிட, மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா என்ற கேள்விதான் அவளை அதிகம் அரித்தது. சொல்லு, சொல்லாதே என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மறைத்த ஒரு தலைமுறையின் விலையை அவள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கக் கடலூரில் பல குடும்பங்கள் எல்லையைத் தாண்டுகின்றன. முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போய் ஜிப்மர் மருத்துவமனையிலோ தனியாரிடமோ காட்டுகிறார்கள். வைத்தியம் ஒரு காரணம். உள்ளூர் ஆஸ்பத்திரி வரிசையில் தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம். ஆனால் மாதா மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போகத் தொடங்கினால், நாலாவது மாதம் மாத்திரை நிற்கும். பக்கத்தில், இலவசமாக மாத்திரை கிடைக்கும் அரசு மருத்துவமனையிலேயே தொடரும்படி இவர்களைச் சம்மதிக்கவைத்ததை இந்த ஒன்றரை வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலைகளில் ஒன்றாக நினைக்கிறேன்.

உப்பு, வெயில், லித்தியம்

மனச்சோர்வு மாத்திரை நிறுத்தப்பட்டது. மேனியாவை அடக்க ஒரு மருந்து, நீண்ட காலத்துக்கு லித்தியம். லித்தியம் ஒருவகை உப்பு. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை எழுதியதிலிருந்து இன்றுவரை இந்த நோய்க்கு முதன்மையான மருந்துகளில் ஒன்றாக நிற்கிறது. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதிலும் இதற்கு நல்ல பெயர் உண்டு. கொஞ்சம் கண்டிப்பான மருந்து. இரத்தத்தில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். கடைசி வேளை போட்டுப் 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் கணக்குத் தப்பும். சிறுநீரகமும் தைராய்டும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும்.

மே மாதம், அக்னி நட்சத்திரம். வீட்டுக்கு வந்த ஒரு சொந்தக்காரர், பித்தம் தலைக்கேறியதுதான் காரணம் என்று சொல்லி, நாட்டு மருந்தும் உப்பில்லாப் பத்தியமும் வைக்கச் சொன்னார். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, அதனால் அம்மாவுக்கு அதில் தப்பு தெரியவில்லை. எட்டு நாள் உப்பில்லாத கஞ்சி. பையன் அப்போதுதான் திரும்பவும் பீச்சுக்கு ஆடப் போகத் தொடங்கியிருந்தான். சட்டையைப் பிழிந்தால் வேர்வை கொட்டும். ஒன்பதாம் நாள் காலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது டீ கொடுத்தார்கள். அவன் டம்ளரை எடுத்தான். விரல்கள் ஆட, டபராவில் டம்ளர் கடகடவென்று தட்டியது. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு லேசான நடுக்கம் இருக்கும், இது அப்படியில்லை. டீ முழங்கை வரை வழிந்தது. எழுந்து நடந்தபோது கால் பின்னியது. "ராத்திரிலேர்ந்து மூணு தடவை வாந்தி" என்றார் ஆயா, வெயிலுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு.

அன்று காலை மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்று தடுத்து, அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அளவு 1.8. நரம்பில் சலைன் ஏற்றி மூன்று நாளில் சரியானது.

சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடத்துகிறது. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால், சோடியத்தைப் பிடித்துவைப்பதாக நினைத்து லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். இதை நான் டிஸ்சார்ஜ் அன்றே சொல்லியிருந்தேன், "தண்ணி நிறைய குடிக்கணும்" என்ற ஒரே வரியில். எங்கள் ஊரில் பத்தியம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்கவில்லை. அன்றிலிருந்து லித்தியம் தொடங்கும் ஒவ்வொரு வீட்டிலும் பத்தியம், விரதம், வயிற்றுப்போக்கு, மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேட்கிறேன். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும்.

இறங்கிய மாதங்கள்

மேனியா இறங்கிய பிறகு பலரும் நிம்மதியாகக் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். என் பயம் அங்கேதான் தொடங்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவன் மறுபடி ஒடுங்கினான். இந்த முறை நினைவுகளும் சேர்ந்து அழுத்தின. தானம் கொடுத்த பணம், அப்பாவைத் தள்ளியது, கடற்கரையில் ஊரே பார்த்தது. நண்பன் ஒருவன் வீடியோ எடுத்து வைத்திருந்தான். துணைத் தேர்வு எழுத உட்காரவே முடியவில்லை.

"செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. சொல்ல ஆள் கிடைத்தது என்றுதான் பிள்ளைகள் பெருமூச்சு விடுகிறார்கள். கொஞ்ச நேரம் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தவன், "மாமா மாதிரி ஆயிடுவனா மேடம்?" என்று கேட்டான். மாமாவுக்கு மருந்து கிடைக்கவில்லை, உனக்குக் கிடைத்திருக்கிறது என்றேன். அன்றே பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசினோம். மாத்திரை டப்பா அம்மாவின் பீரோவுக்குப் போனது. ஒரு வாரத்துக்கு மேல் கையிருப்பு வைக்கக் கூடாது என்று டாக்டரிடம் சொல்லி வாராவாரம் வாங்கினோம். ராத்திரியில் மனம் உடைந்தால் கூப்பிட 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அவனே போனில் சேமித்தான். பணம் வேண்டாம், தமிழிலேயே பேசலாம். இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறான்.

வீட்டுக்குள்ளே நடந்த வேலை

நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தையல் மெஷினுக்கு மேலே தொங்குகிறது. அதில் ஒவ்வொரு கட்டத்திலும் அக்கா ஒரு எண் எழுதுகிறாள்: அவன் தூங்கிய மணி நேரம். 8, 8, 7, 8. எண் ஐந்துக்குக் கீழே இரண்டு இரவு தொடர்ந்து வந்தால் மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும் என்பது எல்லோரும் சேர்ந்து போட்ட விதி. அவனும் சேர்ந்து போட்டது என்பது முக்கியம். அக்டோபரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்வந்த வாரம் 5, 4, 4 என்று இறங்கியது. மூன்றாவது நாளே வந்தார்கள். மருந்து கொஞ்சம் கூட்டப்பட்டு, பத்து நாளில் எண் 7-க்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியே வரவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி வழக்கமாக எல்லோரும் விழித்திருக்கும் வீடு அது. அந்த வருஷம் ஆயா உட்படப் பத்தரை மணிக்கு விளக்கை அணைத்துப் படுத்தார்கள்.

பேச்சைத் திருத்துவது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஓயாத குறைசொல்லலும் வெறுப்பும், அதேபோல மூச்சுவிடாத கவனிப்பும் நிறைந்த வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்பது பல ஆண்டுகளாக உறுதிப்பட்ட உண்மை. இந்த வீட்டில் வெறுப்பு இல்லை, பயம் இருந்தது. அவன் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் அப்பா கேட்பார்: "மாத்திரை போட்டியா?" குழம்பில் உப்பில்லை என்று முகம் சுளித்தால் அம்மா கேட்பார்: "மாத்திரை போட்டியா?" ஒருநாள் என் முன்னாலேயே வெடித்தான். "எனக்குக் கோவமே வரக்கூடாதா? வந்தா வியாதியா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த மாலை ஒரு உடன்பாடு செய்தோம். மாத்திரையைப் பற்றிய கேள்வி ஒரு நாளில் ஒரே முறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மா மட்டும். மற்ற நேரத்தில் அவன் கோபத்துக்கு என்ன காரணம் என்று அவனிடமே கேட்பது. அப்பாவுக்கு இது லேசில் வரவில்லை. கேள்வி வாய்க்கு வரும்போதெல்லாம் எழுந்து வராண்டாவுக்குப் போய் நின்றுவிட்டு வருவார். அப்படி அவர் எழுந்து போவதைப் பார்த்து ஒருநாள் பையன் தானாகவே, "போட்டுட்டேன்ப்பா, உள்ள வா" என்றான்.

பள்ளியில் தலைமையாசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் மட்டும் நோயின் பெயரைச் சொன்னோம். வீடியோவை அழிக்கவைத்தவர் அந்த வகுப்பாசிரியர்தான். மறு மார்ச்சில் பொதுத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது, அதுவரை பகலில் மட்டும் படிப்பது, இரவு ஒன்பதரைக்குப் புத்தகத்தை மூடுவது என்று திட்டம். ஒன்பதரைக்கு மூடச் சொல்லும் பெற்றோரை நம் ஊரில் தேர்வு நேரத்தில் பார்க்க முடியுமா? இந்த அம்மா போய் லைட்டை அணைத்தார். அவன் தேர்வு எழுதித் தேறினான். மதிப்பெண் அப்பா கனவு கண்ட அளவுக்கு இல்லை. இப்போது ஐடிஐயில் டீசல் மெக்கானிக் பிரிவில் சேர்ந்திருக்கிறான், அவனே கேட்டு. லித்தியம் 0.7-இல் நிற்கிறது. மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று மாதா மாதம் கேட்கிறான். டாக்டர் இன்னும் சில வருடங்கள் என்கிறார். அதில் அவனுக்கு வருத்தம் இருக்கிறது. அந்த வருத்தத்தை நான் பேசிச் சமாதானப்படுத்த முயல்வதில்லை.

18 நிறைந்ததும் சட்டப்படி அவன் சிகிச்சை அவன் முடிவு. மறுபடி நோய் ஏறித் தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை அவனே எழுதிவைக்கலாம். பத்திரமோ முத்திரைத்தாளோ தேவையில்லை, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று 2017 சட்டம் சொல்கிறது. பிறந்தநாளுக்கு அடுத்த வாரம் என் மேஜையில் உட்கார்ந்து எழுதினான். நியமனப் பிரதிநிதி என்ற இடத்தில் அக்காவின் பெயர்.

அப்பா தாளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"எம் பேரு போடலையாடா?"

"நீ பயந்துடுவப்பா. அவ காலண்டர் பாத்து சொல்லுவா."

அப்பா தாளை நாலாக மடித்து, கிரீஸ் படாமல் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார்.